நமக்கு ஒரு பாத்தி, சந்தைக்கு ஒரு பாத்தி

(வடலூரில் கூடிய வட்டார விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நெல்லுக்கு விலை, கரும்புக்குப் பாக்கி, கடன், கரண்ட்டு என்று பேசித்தான் நமக்குப் பழக்கம். இன்றைக்குக் கீரையையும் கத்தரிக்காயையும் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் ஒரு தோழர், "சங்கம் அடுப்பங்கரைக்குள்ள பூந்துடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். பூந்துதான் ஆகணும். ஏனென்றால் நம்மை ஏமாற்றுகிற வேலை இப்போது அடுப்பங்கரையிலேயே நடக்கிறது. அதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அதை முதலில் ஒத்துக்கொண்டு விட்டு மற்றதைப் பேசுவோம்.

கத்தரி போட்ட தோழர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைக் கேட்கிறோம். தண்டும் காயும் துளைக்கிற புழு வந்தால் என்ன செய்கிறோம்? மருந்துக்கடைக்காரர் எடுத்து நீட்டுகிற பாட்டிலை வாங்கி வந்து அடிக்கிறோம். சாயங்காலம் அடித்துவிட்டு மறுநாள் விடியற்காலம் காய் பறித்து மூட்டை கட்டுகிறோம். அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. யார் படிக்கிறோம்? படித்தாலும் யார் காத்திருக்கிறோம்? காத்திருந்தால் காய் முற்றிப்போகும், வியாபாரி கழித்துத் தள்ளுவான். இது நம் நிலைமை. சரி.

ஆனால் அதே கொல்லையில், கிணற்றோரம் பத்துச் செடி மட்டும் மருந்து படாமல் நிற்கிறதே, அது யாருக்கு? அது வீட்டுக்கு! இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சந்தைக்கு ஒரு பாத்தி, நமக்கு ஒரு பாத்தி. விஷம் எது என்று நமக்குத் தெரிந்துதான் இருக்கிறது என்பதற்கு அந்தப் பத்துச் செடிதான் சாட்சி.

இப்போது இன்னும் மோசம். அந்தப் பத்துச் செடியும் போய்விட்டது. கரும்பு போட்டவன் கத்தரியை விலைக்கு வாங்குகிறான். முந்திரி வைத்தவன் முருங்கைக் கீரையை விலைக்கு வாங்குகிறான். வீட்டு வாசலில் முருங்கை நின்றால் கம்பளிப்பூச்சி வருது என்று வெட்டிவிட்டு, அதே கீரையைக் கட்டாகக் கட்டி வண்டியில் கொண்டு வருகிறவரிடம் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்தக் கட்டு யாரோ ஒரு விவசாயியின் "சந்தைப் பாத்தி"யில் விளைந்தது, தோழர்களே! நாம் ஊருக்கு அனுப்பியது சுற்றிக்கொண்டு நம் தட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

மோனோகுரோட்டோபாஸ் என்கிற மருந்தைக் காய்கறியில் அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே உத்தரவு போட்டது. அதற்கப்புறமும் எத்தனை வருஷம் நம் கடைகளில் கேள்வி முறையில்லாமல் ஓடியது என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது இதே மோனோகுரோட்டோபாஸ்தான். நாம் வெறுங்காலோடு, வாயில் துண்டுகூடக் கட்டாமல், காற்றுக்கு எதிரே நின்று அடித்தோமே, அதே சரக்கு. அடித்துவிட்டு வந்து தலை சுற்றுது, வாந்தி வருது என்று திண்ணையில் படுத்தவர்கள் எத்தனை பேர்! "வெயில் தாங்கலை" என்று சொல்லி மோர் குடித்துவிட்டு மறுநாளும் டேங்கை முதுகில் மாட்டினோம்.

அடுத்து வரப்புக்கு வருவோம். எங்களுக்கு இதில்தான் மனசு அதிகம் அடித்துக்கொள்கிறது.

சில வருஷம் முன்பு, ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை என்று வரப்புக்குக் களைக்கொல்லி அடித்தோம். எல்லோரும் அடித்தார்கள், நாமும் அடித்தோம். பத்து நாளில் வரப்பு கருகிப் பழுப்பாகிப்போச்சு. அந்த வாரம் நடவுக்கு வந்த பெண்களில் வயசான ஒரு அம்மா வேலை முடிந்து வரப்பில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, இங்க பொன்னாங்கண்ணி இருக்குமே, நீங்க மருந்தடிச்சுட்டீங்களா? அப்ப ராத்திரிக்கு இன்னாத்த ஆக்கறது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நமக்குப் பதில் வரவில்லை.

நிலமில்லாத கூலி வீட்டுக்கு வரப்புதான் காய்கறிக் கொல்லை, தோழர்களே. நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் திரும்பி வரும்போது மடியில் ஒரு பிடி கீரை இல்லாமல் வந்ததில்லை. பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, வல்லாரை, மணத்தக்காளி, வேலியில் தூதுவளை, முசுமுசுக்கை, முடக்கத்தான், கோவை. இதுக்கெல்லாம் விதை போட்டவர் யாரும் இல்லை, தண்ணி கட்டினவரும் இல்லை. இத்தனையையும் "களை" என்ற ஒரே பெயரில் கருக்கிவிட்டோம். கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்புப் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும்தான் அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. அந்த உத்தரவு நம் ஊர்க் கடைக்கு வந்து சேர்ந்த மாதிரித் தெரியவில்லை.

இதைப் பேசுவதற்கு வடலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. வள்ளலாரை வணங்குகிறவர்களும் நம் சங்கத்தில் உண்டு, வணங்காதவர்களும் உண்டு. அது அவரவர் விருப்பம். ஆனால் 1867 மே 23-ஆம் தேதி இந்த ஊரில் அவர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது என்றால், அதன் அடியில் நம் பாட்டன் முப்பாட்டன் இருக்கிறான். இடம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து ஜனங்கள், எண்பது காணி நிலம். ராஜாவும் ஜமீனும் கொடுத்தது இல்லை அது, குடியானவன் கொடுத்தது. இப்பவும் தைப்பூசம் வந்தால் சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து அரிசி மூட்டையும் பூசணியும் பறங்கியும் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறதை நாம் பார்க்கிறோம்.

அந்தப் பெரியவர் சோற்றோடு நிறுத்தவில்லை. கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் முசுமுசுக்கையையும் தினசரி சேர்க்கச் சொல்லி எழுதினார். நூற்றுக்கணக்கான மூலிகைகளுக்கு இன்ன குணம் என்று அட்டவணையே எழுதி வைத்தார். அவர் எழுதியதில் பாதிக்கு மேல் கடல் தாண்டி வருகிற சரக்கு இல்லை. கருங்குழி வரப்பிலும் மேட்டுக்குப்பம் வேலியிலும் முளைக்கிறதுதான். அவர் எழுதி வைத்த ஊரிலேயே நாம் அதற்கு மருந்தடிக்கிறோம். கரிசலாங்கண்ணிப் பொடியைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள், அதை வாங்குகிறோம்!

சரி, கீரை தின்னாவிட்டால் என்ன குடியா முழுகிப்போகும் என்று கேட்கலாம். ஒரு கணக்கைச் சொல்கிறோம். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57. நெல்லும் கரும்பும் முந்திரியும் பலாவும் விளைகிற மாவட்டத்தில் நம் வீட்டுப் பொம்பளைங்க களை எடுக்கிறப்போ மூச்சு வாங்கி உட்கார்ந்துடறாங்க. "அவளுக்கு எப்பவும் இப்படித்தான், சோம்பேறி" என்று நாம் சொல்கிறோம். சோம்பல் இல்லை அது, இரத்தம் இல்லை.

ஒரு ஆள் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழங்கு இதில் சேர்த்தி இல்லை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. விலைக்கு வாங்கிக் கட்டுமா? கட்டாது. அதனால்தான் ரேஷன் அரிசிச் சோறும் புளிக்குழம்பும் அப்பளமும் என்று முடித்துக்கொள்கிறோம். வயிறு நிறையுது, உடம்பு நிறையலை. கூலியை உயர்த்து, விலையை உயர்த்து என்று கேட்கிற சங்கம் இதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2020-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஊரடங்கில் வண்டி ஓடவில்லை. மே மாதம் 5-ஆம் தேதி சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கப் போயிருந்த நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நடந்தும் லாரியிலும் ஊருக்கு வந்தார்கள். காய்ச்சலும் கூட வந்தது, கடலூர் பெயர் தினசரி செய்தியில் அடிபட்டது. ஒரு பக்கம் நம் கொல்லையில் வெள்ளரியும் கத்தரியும் பறிக்க ஆளில்லாமல் அழுகியது. இன்னொரு பக்கம் தெருவுக்குக் காய் வரவில்லை. ரெண்டுக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு மைல்கூடக் கிடையாது! எல்லாம் சென்னை போய்த் திரும்பித்தான் வர வேண்டும் என்று வழியைப் போட்டு வைத்திருந்ததால் வந்த வினை. அந்த ரெண்டு மாசம் புறக்கடையில் கீரைப்பாத்தியும் முருங்கையும் இருந்த வீடு தப்பித்தது. தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோதும், 2024-இல் ஃபெஞ்சல் வந்து வெள்ளம் சூழ்ந்தபோதும் இதே கதைதான். பாதை அடைபட்டால் முதலில் நிற்பது காய்கறி.

பருவத்துக்கு ஒரு காய் என்று நம் பெரியவர்கள் வைத்ததில் கணக்கு இருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆடியில் ஊன்றிய அவரையும் மொச்சையும் பூசணியும் பறங்கியும் தை பிறக்கும்போது காய்க்கும். பொங்கலன்று ஏழு காய், ஒன்பது காய்க் குழம்பு வைக்கிறோமே, அது என்ன? அந்தப் பருவத்தில் கொல்லையில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் ஒரு சட்டியில். சேம்பு, கருணை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு எல்லாம் அந்த மாதத்துக் கிழங்கு. பிறகு வெயில் ஏறும்போது வெள்ளரி, முருங்கைக்காய், மாங்காய். நம் பக்கத்துப் பலாவில் பிஞ்சாக இருக்கையில் பலாமூசுப் பொரியல், பழுத்த பிறகு சுளை, அதற்கப்புறம் கொட்டையை முருங்கைக்காயோடு போட்டுக் குழம்பு. ஒரு மரம் மூணு மாசத்துக்குச் சோறு போடுகிறது. சிதம்பரத்தில் சம்பா சாதத்துக்குக் கத்தரிக்காய்க் கொத்சுதான் துணை, கோயிலிலும் அதுதான் படையல். அந்தக் கத்தரி எங்கிருந்தோ வந்ததில்லை, பக்கத்துக் கொல்லைக் கத்தரி.

பருவத்தில் விளையும் காய்க்குப் பூச்சி குறைவு, மருந்து குறைவு, விலையும் குறைவு. பருவம் தப்பி முழுக்கோசையும் பீன்ஸையும் நாலு நாள் மூட்டையில் கிடந்த பிறகு வாங்கித் தின்பது நாகரிகம் என்று எவன் சொல்லிக் கொடுத்தான்? கல்யாணப் பந்தியில் கோசுப் பொரியல் வைத்தால்தான் மரியாதை, அவரைக்காய் வைத்தால் "பட்டிக்காட்டுக் கல்யாணம்" என்கிறோம். இதை மருந்துக் கம்பெனிக்காரன் சொல்லவில்லை, நாமேதான் சொல்கிறோம்.

தாய்மார்களுக்கு ரெண்டு வார்த்தை. உங்களுக்குத் தெரியாததை நாங்கள் சொல்லப் போவதில்லை. கீரையை அரிந்துவிட்டுக் கழுவாமல், கழுவிவிட்டு அரியுங்கள். வெந்ததும் இறக்கி ஒரு எலுமிச்சை மூடி பிழியுங்கள், கீரையில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து ஒட்டாமல் போகும், ஒரு மணி நேரம் போகட்டும். இது ஆம்பளைங்களுக்கும் சேர்த்துத்தான், டீக்கடை பெஞ்சிலேயே குடியிருக்கிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பிரண்டை நாக்கு அரிக்கும், நல்லெண்ணெயில் வதக்கிப் புளி வைத்துத் துவையல் அரைத்தால் அரிக்காது. முடக்கத்தானை மாவோடு அரைத்துத் தோசை ஊற்றுங்கள். சாக்கடை ஓரத்துக் கீரையும், மருந்தடித்த வயல் ஓரத்துக் கீரையும் வேண்டாம், எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூலிகையை நாம் உயர்த்திப் பேசுகிறோம் என்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொல்லவில்லை. கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் செய்த ஆராய்ச்சி ஒன்று, மஞ்சள்காமாலைக் கிருமி ஒன்றை அது குறைக்கிறது என்று 1988-இல் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் வந்து பெரிய பேச்சானது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆராய்ச்சிகளில் அதே பலன் எல்லாவற்றிலும் கிடைக்கவில்லை. அதனால் கண் மஞ்சளானால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பாம்பு கடித்தால் சிறியாநங்கையைத் தின்று கசக்கிறதா இனிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். கட்டுக்கட்டாமல், கீறாமல், நேரே அரசு ஆஸ்பத்திரி, விஷமுறிவு ஊசி. எங்கள் கூட்டாளி ஒருவரை அப்படித்தான் இழந்தோம். வேர் தேடப் போன ரெண்டு மணி நேரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் பேச்சைக் கேட்டும் அதை நிறுத்தாதீர்கள். கீரை சாப்பாடு, மாத்திரை மருந்து, ரெண்டும் வேறு வேறு.

மருந்தில்லாமல் கத்தரி எடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். முழுக்க முடியும் என்று மேடைக்காகப் பொய் சொல்ல மாட்டோம். முதல் ரெண்டு போகம் அடி விழும். ஆனால் வாடித் தொங்குகிற நுனியைக் கிள்ளி எடுத்து எரித்தால் பாதிப் புழு அங்கேயே ஒழியும். இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். வேப்பங்கொட்டைப் பருப்பு ஐந்து கிலோவை இடித்து ஊறவைத்து வடிகட்டி நூறு லிட்டர் தண்ணீரில் கலந்தால் அடிக்கிற கரைசல் ரெடி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். நம் வேம்புக்கு ஐரோப்பாவில் ஒரு அமெரிக்கக் கம்பெனி காப்புரிமை வாங்கி, ஐந்து வருஷச் சண்டைக்குப் பிறகு 2000-இல் அது ரத்தாகி, 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அவனுக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது. நம் ஊரில் ஆனி, ஆடியில் வேப்பம்பழம் ரோட்டில் கொட்டி மிதிபடுகிறது.

இதெல்லாம் சரி, மண் இருந்தால்தானே பாத்தி? 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்கத்துக்கான பரவனாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் பிடிக்கிற நெல்வயலில் இயந்திரம் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிலம் முன்பே எடுத்தது என்று அவர்கள் சொன்னார்கள், நட்ட பயிரை அறுக்கவாவது விட்டிருக்கலாமே என்று விவசாயி கேட்டான். வழக்கு, இழப்பீடு எல்லாம் தனிக் கூட்டத்துக்கு உரிய விஷயம். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறோம். நிலம் போகும்போது சென்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். வேலியில் இருந்த தூதுவளைக்கும், கிணற்றோர முருங்கைக்கும், அதை நம்பி இருந்த கூலி வீட்டுக்கும் எந்தக் கணக்கிலும் இடம் கிடையாது.

ஆகவே தோழர்களே, அரசிடம் நாம் கேட்பது இது. ஆடி பிறப்பதற்கு முன்பே வேளாண் விரிவாக்க மையத்தில் நாட்டுக் காய்கறி விதை, கீரை விதை சிறு விவசாயிக்கும் நிலமில்லாத குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும். ஆடி முடிந்து ஆவணியில் வருகிற பாக்கெட் நமக்கு எதற்கு? தடை செய்த மருந்து விற்கிற கடையைப் பூட்ட வேண்டும், விவசாயியை மட்டும் மிரட்டிவிட்டுப் போகக் கூடாது. சத்துணவு மையத்துக்கும் அங்கன்வாடிக்கும் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் வேண்டிய கீரையும் காயும் அந்தந்த ஊர் விவசாயியிடமும் மகளிர் குழுவிடமும் நேரடியாக வாங்க வேண்டும், காசு அந்த வாரமே கைக்கு வர வேண்டும். 1999 நவம்பர் 14-இல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியபோது இடைத்தரகர் இல்லாமல் விற்கலாம் என்றார்கள். நல்லது. அங்கே விவசாயி அட்டையில் வியாபாரி உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏரிக்கரை, வாய்க்கால் கரை, புறம்போக்கில் களைக்கொல்லி அடிப்பதை ஊராட்சி தீர்மானம் போட்டு நிறுத்த வேண்டும்.

அரசிடம் கேட்பது இருக்கட்டும், சங்கம் தனக்குத் தானே போட்டுக்கொள்கிற கட்டுப்பாடும் உண்டு. சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் அரைச் சென்ட்டாவது மருந்து படாத பாத்தி வைக்க வேண்டும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போதும் அதற்கு. வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பதில்லை. கீரை பறிக்க வருகிற பெண்களை வரப்பிலிருந்து விரட்டுவதில்லை. சாதி சொல்லி விரட்டுகிறவன் நம் சங்க அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சந்தைப் பாத்தியில் மருந்தடித்தால், போட்டிருக்கிற நாள் கழித்துத்தான் பறிப்பது. இந்தக் கடைசி விஷயத்தில் கூட்டத்தில் முணுமுணுப்பு கேட்கிறது. விலை கட்டாது என்கிறீர்கள். நியாயம்தான். அதனால்தான் அந்த நாலு நாள் நஷ்டத்துக்கும் சேர்த்து விலை கேட்டுப் போராடப் போகிறோம். ஆனால் பத்துச் செடியை நமக்கென்று ஒதுக்கி வைத்த கையால், மீதியை அப்படியே அடுத்தவன் பிள்ளைக்கு அனுப்பிக்கொண்டு, நியாய விலை கேட்டு எந்த முகத்தோடு ரோட்டில் உட்காருவது?

எங்கள் வரப்பில் களைக்கொல்லியை நிறுத்தி மூணு மழை ஆச்சு. முதல் மழைக்கு அருகும் கோரையும்தான் வந்தது. ரெண்டாவதில் கரிசலாங்கண்ணி தலை காட்டியது. பொன்னாங்கண்ணி போன ஐப்பசியில்தான் வாய்க்கால் ஓரமாக வந்தது. அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்து பார்த்துவிட்டு, "இது பிஞ்சா இருக்கு தம்பி, இப்ப கிள்ளாதீங்க, வேர் ஊனட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்ப்பாட்டத்துக்கு வருகிற தோழர்கள் கொடியோடு வீட்டில் இருக்கிற விதையில் ஒரு பிடி முடிந்து எடுத்து வாருங்கள். அவரை, சுரை, பீர்க்கு, தண்டுக்கீரை, எதுவானாலும் சரி. எந்த ஊர், எந்த வருஷத்து விதை என்று ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். கோரிக்கை மனுவைக் கொடுத்த பிறகு பந்தலிலேயே மாற்றிக்கொள்வோம். இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள், போகும்போது கொண்டு போகலாம்.